முதல் ஜாடி எது? ருக்வுட், ரோஸ்வில், வான் பிரிகிள்: 400 டாலருக்குள் ஒரு தேர்வு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேட்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் மூன்று படங்களை அனுப்பினான். மூன்றும் அமெரிக்கப் பட்டறைகளில் செய்த பழைய பூஜாடிகள். "அண்ணா, கையில 400 டாலர் இருக்கு. இதுல எதை வாங்கட்டும்?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

முதல் படத்தில் ஆறு அங்குல உயரத்தில் மங்கிய நீல நிற ருக்வுட் ஜாடி ஒன்று. உடம்பில் பெரிதாக அலங்காரம் எதுவும் இல்லை. இரண்டாவதில் ரோஸ்வில் ஜாடிகள் சோடியாக நின்றன, பக்கவாட்டில் லில்லிப்பூ புடைத்துத் தெரிந்தது. மூன்றாவது, கருஞ்சிவப்பும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்கும் வான் பிரிகிள். மூன்றுமே அவன் பணத்துக்குள் வரும், ஆனால் ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும்.

பதினோரு வருடமாக நான் இந்த ஜாடிகளின் பின்னால் அலைகிறேன். அன்று போனில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அப்போது சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ஜாடி என்றால் ருக்வுட்தான். மற்ற இரண்டும் அழகில் குறைந்தவை என்பதால் இதைச் சொல்லவில்லை. ருக்வுட் ஜாடியைக் கவிழ்த்தால் அது பிறந்த வருடத்தையும் வடிவத்தையும், சில நேரம் வரைந்த கையையும் அதன் அடிப்பாகமே சொல்லிவிடும். புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கும் ஒருவருக்கு அப்படிப் பேசும் ஜாடிதான் முதலில் வேண்டும்.

இந்தக் கதை எங்கிருந்து ஆரம்பித்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 1876இல் அமெரிக்க சுதந்திரத்தின் நூறாவது வருடத்தை ஒட்டி பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி நடந்தது. ஜப்பானியப் பாண்டங்கள் வந்திருந்தன. பிரான்சின் ஹாவிலாண்ட் கம்பெனி, நிறம் கலந்த களிமண் குழம்பாலேயே ஓவியம் தீட்டி அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகை ஏற்றிய ஜாடிகளைக் கொண்டுவந்திருந்தது. ஓஹாயோவின் சின்சினாட்டியில் வசதியான வீட்டுப் பெண்கள் அப்போது பீங்கானில் படம் வரைவதைப் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி லூயிஸ் மெக்லாக்லின், அந்தப் பிரெஞ்சு முறையைத் தானே சோதித்துப் பார்த்து ஓரிரு வருடத்திலேயே பிடித்துவிட்டார். அவருக்குப் போட்டியாக இருந்த மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ், 1880இல் சொந்தமாகப் பட்டறையே தொடங்கினார். அவருடைய அப்பா ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை வாங்கிக் கொடுத்தார். காக்கைகள் கூட்டமாகத் தங்கும் அவர்கள் குடும்பத் தோட்டத்தின் பெயரையே பட்டறைக்கும் வைத்தார்கள். அதுதான் ருக்வுட். அங்கே கற்றவர்கள், அங்கிருந்து விலகியவர்கள், அதைப் பார்த்துச் செய்தவர்கள் என்று அமெரிக்கக் கலைப் பாண்டங்களின் பாதிக் கதை அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ருக்வுட்: கவிழ்த்துப் படிக்க வேண்டிய ஜாடி

என் மேசையில் இப்போது ஒரு ருக்வுட் இருக்கிறது. கவிழ்க்கிறேன். நடுவில் கண்ணாடியில் தெரிவது போல் இடவலமாகத் திரும்பிய ஆர் என்ற எழுத்தும் பி என்ற எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீச்சுடர்கள். எண்ணினால் 14 வரும். சுடர்களுக்குக் கீழே ரோமன் எண்ணில் 24. அதற்கும் கீழே நாலு இலக்கத்தில் ஒரு வடிவ எண், பக்கத்தில் அளவைக் குறிக்கும் ஓர் எழுத்து. இந்தச் சின்ன வட்டத்துக்குள் அத்தனையும் மண் ஈரமாக இருந்தபோதே அழுத்திப் பதித்தவை. அதனால் பின்னால் யாரும் வந்து சேர்த்திருக்க முடியாது. இதை நான் 1924ஆம் வருட ஜாடி என்று சொல்ல யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

கணக்கு இதுதான். ஆர், பி சேர்ந்த முத்திரை 1886இல் வந்தது. 1887இல் ஒரு சுடரைச் சேர்த்தார்கள், அதன்பின் வருடத்துக்கு ஒன்று. 1900இல் 14 சுடர்கள் ஆனதும் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, 1901 முதல் கீழே ரோமன் எண்ணில் வருடத்தைப் போட ஆரம்பித்தார்கள். ஆக, ஒன்பது சுடர் இருந்து கீழே எண் இல்லையென்றால் 1895. 14 சுடரும் கீழே 7உம் இருந்தால் 1907. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அஞ்சு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. 1883இல் வில்லியம் வாட்ஸ் டெய்லர் என்பவர் நிர்வாகியாக வந்தார். எந்த வடிவம் விற்கிறது, எது விற்கவில்லை என்று பதிவு வைத்தார், ஒவ்வொரு வடிவத்துக்கும் எண் கொடுத்தார். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ருக்வுட்டுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மறு வருடம் நிக்கல்ஸ் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள, டெய்லர் முழுதாக எடுத்துக்கொண்டார். 1892இல் பட்டறை மவுண்ட் ஆடம்ஸ் மலைமேல் புதுக் கட்டடத்துக்குப் போனது. பிற்காலத்தில் அந்தக் கட்டடம் உணவகமாக இருந்தபோது பழைய சூளைகளுக்குள்ளேயே மேசை போட்டிருந்தார்கள்.

ஓவியர்களின் கையெழுத்துதான் ருக்வுட்டின் பெரிய கவர்ச்சி. ஜாடியை வரைந்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளை அடியில் கீறி வைப்பார். 1887இல் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்த கட்டாரோ ஷிரயமதானி, நடுவில் சில வருடங்கள் ஊருக்குப் போய்வந்ததைத் தவிர, 1948 வரை அங்கேயே வேலை செய்தார். கையெழுத்தை ஜப்பானிய எழுத்தில்தான் போட்டார். அவருடைய ஜாடி நம் 400 டாலருக்குள் வராது, அதைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில் ருக்வுட்டுக்கென்றே நல்ல தொகுப்பு இருக்கிறது. வாங்கும் முன் ஒரு முறை அங்கே போய்வாருங்கள். நல்ல ஜாடி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் அப்புறம் கடையில் ஏமாறுவது குறையும்.

400 டாலருக்குள் ருக்வுட்டில் இரண்டு வழி உண்டு. ஒன்று, 1890களின் பழுப்பு நிறச் சின்ன ஜாடி. தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி மெருகு, அதன் அடியில் பூவோ இலையோ கையால் வரைந்திருப்பார்கள். இதை ஸ்டாண்டர்ட் கிளேஸ் என்பார்கள். இன்றைய வெள்ளைச் சுவர் வீடுகளில் இந்தப் பழுப்பு பலருக்குப் பிடிப்பதில்லை, அதனால் ஓவியர் கையெழுத்தோடு சின்னது ஒன்று அந்த விலைக்குள் அகப்படும். இன்னொன்று, 1910 முதல் 1930கள் வரை அச்சில் வார்த்து, பளபளப்பில்லாத மேட் கிளேஸ் பூசியவை. தம்பி அனுப்பிய நீல ஜாடி இந்த ரகம். இதில் ஓவியர் கையெழுத்து இருக்காது. ஆனால் அந்த மெருகைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் மெலிந்து உள்மண் லேசாகத் தெரியும், பள்ளத்தில் தேங்கிக் கறுத்திருக்கும். ஒரே நிறம் என்று தூரத்தில் தெரிவது பக்கத்தில் வந்தால் ஏழெட்டு நீலமாகப் பிரியும்.

குறை இல்லாமல் இல்லை. சூளையிலிருந்து வந்ததும் பழுது என்று ஒதுக்கிய ஜாடிகளில், அடியில் கூட்டல் குறியைச் சாய்த்துப் போட்டது மாதிரி ஒரு கீறல் இருக்கும். அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். சில சமயம் என்ன பழுது என்றே கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அப்படி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது, நான் சந்தோஷமாகத்தான் வாங்கினேன். ஆனால் பழுது என்று தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் முழு விலை கொடுப்பது வேறு. அப்புறம், அடியில் துளை போட்டு மின்விளக்காக மாற்றிய ஜாடிகள் நிறைய உண்டு. துளை முத்திரையையும் தின்றிருக்கும். அதை வாங்கவே வேண்டாம்.

ரோஸ்வில்: கண்ணைப் பறிக்கும், கவனம் கேட்கும்

சின்சினாட்டியிலிருந்து வடகிழக்கே, கொலம்பஸையும் தாண்டினால் ஸேன்ஸ்வில். நல்ல களிமண்ணும், சூளைக்கு எரிவாயுவும் அங்கேயே கிடைத்ததால் ஊருக்கே களிமண் நகரம் என்று பெயர். ரோஸ்வில் கம்பெனி 1890இல் பக்கத்து ஊரான ரோஸ்வில்லில் ஆரம்பித்து, 1898இல் ஸேன்ஸ்வில்லுக்கு வந்து, 1954இல் மூடியது. முதலில் இவர்களும் ருக்வுட் மாதிரியே பழுப்பு ஜாடிகளில் கையால் வரைந்தார்கள், ரோஸேன் என்ற பெயரில். 1904 முதல் 1908 வரை இங்கே கலை இயக்குநராக இருந்த பிரெடரிக் ரீட், 1936இல் வேறொரு கம்பெனிக்காக ஃபியெஸ்டா என்ற வண்ணப் பாத்திர வரிசையை வடிவமைத்தவர். அமெரிக்காவில் பல வீட்டுச் சமையலறைகளில் இன்றும் இருக்கும் அதே ஃபியெஸ்டாதான்.

ஆனால் இன்று ரோஸ்வில் என்றதும் மனதில் வருவது 1917இல் வந்து கடைசி வரை இருந்த ஃபிராங்க் ஃபெரலின் ஜாடிகள். 1928இன் ஃபியூச்சுரா, கோணம் கோணமாக, அந்தக் காலக் கட்டடங்களைப் போலவே இருக்கும். 1930களின் நடுவில் வந்த பைன் கோன், பைன் மரக் காயும் ஊசி இலையும் புடைத்து நிற்க, கிளையே கைப்பிடியாக வளைந்திருக்கும். எழுபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் வந்தது. பொருளாதார மந்தம் நாட்டையே போட்டு அழுத்திய காலத்தில் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது இந்த வரிசைதான். எனக்கு அதில் பழுப்பைவிட நீலம் பிடிக்கும். 1940களில் மக்னோலியா, ஃப்ரீஷியா, ஸெஃபிர் லில்லி என்று வருடத்துக்கு ஒரு பூ வந்தது. தம்பி பார்த்த சோடி 1946இன் ஸெஃபிர் லில்லி.

ருக்வுட்டோடு வைத்துப் பார்த்தால் ரோஸ்வில்லுக்கு இரண்டு பலம். எளிதாகக் கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கிறது. இணைய ஏலம் வந்த பிறகு, அரிது என்று நினைத்திருந்த பல வடிவங்கள் நாடு முழுக்க இருப்பது தெரிந்துபோனது. அதனால் 1940களின் சாதாரண ஜாடிகள் 100 டாலர் சுமாருக்கே வருகின்றன. ஒரே வரிசையில் வேறுவேறு வடிவங்களை அலமாரியில் அடுக்கினால் பார்க்கக் கண் நிறையும். அந்த நிறைவைக் குறைத்துப் பேச மாட்டேன்.

பலவீனம் போலிகள். 1990களின் பின்பாதியில் சீனாவில் வார்த்த நகல்கள் ஏராளமாக வந்து இறங்கின. அசல் 1940களின் ஜாடி அடியில் ரோஸ்வில் என்ற பெயரும், யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகளும், வடிவ எண்ணும், அங்குலத்தில் உயரமும் புடைப்பு எழுத்தில் இருக்கும். நகலில் ரோஸ்வில் மட்டும் இருக்கும், யு.எஸ்.ஏ. இருக்காது. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஆரம்பித்த இரண்டாம் வருடம், நெடுஞ்சாலை ஓரத்துப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு மக்னோலியா ஜாடியைப் பார்த்தேன். 140 டாலர் கொடுத்து, வழியில் உடையாமல் இருக்க என் ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தபோது பூவின் நிறம் இதழைத் தாண்டி வழிந்திருந்தது. இதழுக்கு நடுவில் இருக்க வேண்டிய கூர்மையான கோடுகள் மொழுக்கென்று இருந்தன. கவிழ்த்தேன். நாட்டின் பெயர் இல்லை. திருப்பிக் கொண்டுபோனபோது, விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஜாடி இன்றும் என்னிடம் இருக்கிறது. புதிதாக வரும் நண்பர்களிடம் அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவச் சொல்வேன். அசலில் இலை நரம்பு விரலில் தட்டும்.

ஆனால் யு.எஸ்.ஏ. இல்லாததெல்லாம் போலி என்று ஓடிவிடவும் கூடாது, குழப்பம் அங்கேதான். 1930களின் தொடக்கத்தில் வந்த ஜாடிகளில் பலவற்றுக்குக் காகிதச் சீட்டு மட்டும் ஒட்டினார்கள். சீட்டு உதிர்ந்துபோனால் அடி வெறுமையாக இருக்கும், ஜாடியோ அசல். ஜான்குவில் வரிசை அப்படித்தான். ஜான்குவில்லில் புடைப்பு எழுத்தில் ரோஸ்வில் என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அந்த வரிசைக்கு அப்படி முத்திரையே போட்டதில்லை. ஆக, எந்த வரிசைக்கு எந்தக் காலத்தில் எந்த முத்திரை என்று தெரிந்தால்தான் ரோஸ்வில்லில் தைரியமாக இறங்க முடியும். அந்தப் படிப்புக்கு ஒரு வருடமாவது ஆகும்.

அதே ஸேன்ஸ்வில்லில் வெல்லர் என்றொரு பெரிய கம்பெனியும் இருந்தது. சாமுவேல் வெல்லர் 1872இல் பூந்தொட்டி, ஜாடி என்று ஆரம்பித்தவர். ருக்வுட்டில் இருந்த லாரா ஃப்ரை, நிறக் குழம்பை வாயால் ஊதும் தெளிப்பானில் போட்டுப் பரப்பி, நிறம் நிறத்துக்குள் கரைவது மாதிரிச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறை கைமாறிக் கைமாறி 1890களில் வெல்லருக்கு வந்தது. அதில் செய்த பழுப்பு ஜாடிகளுக்கு லூவெல்ஸா என்று பெயர். மகள் லூயிஸ், குடும்பப் பெயர் வெல்லர், தன் முதலெழுத்துகள் எஸ், ஏ, எல்லாவற்றையும் கோத்துச் செய்த பெயர். ருக்வுட்டின் பழுப்பு பிடித்திருக்கிறது, ஆனால் 400 டாலர் இல்லை என்பவர்களுக்கு நான் லூவெல்ஸாவைத்தான் சொல்வேன். வரைந்த கை ருக்வுட் அளவுக்கு நுட்பமாக எப்போதும் இருக்காது, ஆனாலும் கையால் வரைந்த நூறு வருட ஜாடி. வெல்லரின் சிகார்டு ஜாடிகள் தனி உலகம். ஜாக் சிகார்டு என்ற பிரெஞ்சுக்காரர், வண்டு முதுகு மாதிரி ஊதாவும் பச்சையும் மின்னும் உலோக மெருகின் ரகசியத்தை யாருக்கும் காட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்துவிட்டு, சில வருடங்களில் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். பார்த்தால் விட மனம் வராது. விலை கேட்டால் விட்டுத்தான் ஆக வேண்டும்.

வான் பிரிகிள்: மனதுக்கு நெருக்கம், வயது சொல்வதில் சிக்கல்

உண்மையில் என் மனம் அதிகம் சாய்வது வான் பிரிகிள் பக்கம். ஆர்ட்டஸ் வான் பிரிகிள் ருக்வுட்டில் ஓவியர். கம்பெனி அவரை 1893இல் பாரிஸுக்குப் படிக்க அனுப்பியது. அங்கே சீனாவின் மிங் காலப் பாண்டங்களில் இருந்த, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத அமைதியான மெருகைப் பார்த்தார். அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவருவதே வேலையாகிப் போனது. காசநோய் வந்ததும் 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குக் குடிபோனார், அந்தக் காற்று நல்லது என்று. 1901இல் பட்டறை. 1904இல் இறந்துவிட்டார், வயது 35. ஓவியரான மனைவி ஆன் அதன்பின் பட்டறையை நடத்தினார், 1908இல் அவர் நினைவாகப் புதுக் கட்டடத்தையும் திறந்தார். ஜாடியின் வாயைச் சுற்றி ஒரு பெண் உருவம் அப்படியே மண்ணோடு மண்ணாகக் கலந்து சுருண்டு கிடக்கும் லோரலாய் என்ற ஜாடி ஆர்ட்டஸின் உச்சம். உருவம் எங்கே முடிகிறது, ஜாடி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டறை 2012 வரை ஓடியது. அதே அச்சுகள், அதே இரட்டை ஏ முத்திரை. லோரலாயையே நூறு வருடம் வார்த்திருக்கிறார்கள். ஆரம்ப ஜாடிகளில் வருடம் எழுதியிருப்பார்கள், 1920க்குப் பிறகு அது நின்றுபோகிறது. அதன்பின் ஒன்றின் வயதைச் சொல்ல மண்ணின் நிறத்தையும் அடியின் பூச்சையும் எழுத்தின் சாயலையும் பார்க்க வேண்டும். தம்பி அனுப்பிய படத்தில் விற்பவர் 1910களின் ஜாடி என்று எழுதியிருந்தார். அடியில் வருடம் இல்லை. அது 1910களாகவும் இருக்கலாம், 1960களாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் விலை ஒன்றாக முடியாது. வருடம் பொறித்த சின்ன வான் பிரிகிள் எங்கேயாவது கண்ணில் பட்டால், அன்று ருக்வுட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதை வாங்கலாம் என்றும் சொன்னேன்.

மற்றவை

400 டாலரைத் தாண்டிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்டனின் குரூபி பட்டறை, 1890களின் பின்பாதியில் கொண்டுவந்த மேட் பச்சை, நாட்டையே பச்சைக்கு மாற்றியது. வெள்ளரித் தோல் மாதிரி உயிரோடு இருக்கும் பச்சை. இலைகளை இளம்பெண்கள் கையால் உருட்டி ஒட்டினார்கள். சிகாகோ பக்கத்து டீக்கோ அதே பச்சையை அச்சில் வார்த்தது. கட்டடக் கலைஞர்கள் வடிவம் கொடுத்ததால் ஜாடிகளே சின்னக் கட்டடம் போல் நிற்கும். இரண்டுமே இன்று முதல் ஜாடிக்கான விலையில் இல்லை.

நியூ ஆர்லியன்ஸில் பெண்கள் படித்த நியூகோம் கல்லூரியில் 1895 முதல் 1940 வரை நடந்த பட்டறையும் அப்படித்தான். சக்கரத்தில் ஜோசப் மேயர் வனைந்து கொடுப்பார், மாணவிகளும் அங்கே படித்து முடித்தவர்களும் வரைவார்கள். ஒரு ஜாடி மாதிரி இன்னொன்று இருக்கக்கூடாது என்பது விதி. நிலவொளியில் பாசி தொங்கும் ஓக் மரம் வரைந்த ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு அன்று முழுக்க வேறெதையும் பார்க்கப் பிடிக்கவில்லை எனக்கு.

மிசிசிப்பியின் பிலாக்ஸியில் ஜார்ஜ் ஓர் என்ற குயவர் இருந்தார். காகிதம் மாதிரி மெல்லிதாக வனைந்து, ஈரம் காயும் முன்பே கசக்கி, முறுக்கி, மடித்துவிடுவார். 1894இல் ஊரில் தீப்பிடித்துப் பட்டறை அழிந்தபோது கருகிய ஜாடிகளை எறியாமல், எரிந்த குழந்தைகள் என்று பெயர் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார். வாழ்ந்த காலத்தில் வாங்க ஆளில்லை. ஆயிரக்கணக்கான ஜாடிகள் குடும்பத்திடமே தங்கி, 1972இல்தான் ஒரு பழம்பொருள் வியாபாரி மொத்தமாக வாங்கிப்போனார். இன்று அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் பிலாக்ஸியில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த கட்டடத்தில் இருக்கிறது. குறைந்த விலைக்கு ஜார்ஜ் ஓர் ஜாடி என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். மெருகில்லாமல் கிடந்த அசல் ஜாடிகளுக்குப் பின்னாளில் வேறு ஆட்கள் மெருகேற்றி விற்றதும் நடந்திருக்கிறது.

கீழ் விலையில் மெக்காய், ஹல் என்ற இரண்டு கம்பெனிகளின் ஜாடிகள். 50 டாலருக்கு நல்லது கிடைக்கும், வீட்டில் தாராளமாகப் புழங்கலாம். ஹல் ஜாடியின் வயதைச் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு. 1950இல் வெள்ளம் புகுந்து, தண்ணீர் சூடான சூளையைத் தொட்டு, தொழிற்சாலையே எரிந்துபோனது. திரும்பக் கட்டிய பிறகு செய்தவை பெரும்பாலும் பளபளப்பானவை. இளஞ்சிவப்பும் இளநீலமுமாக மேட் மெருகில் பூப்போட்ட ஹல் கிடைத்தால் அது பெரும்பாலும் தீக்கு முந்தியது.

எதை வாங்கினாலும் உடம்பைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். விளிம்பையும் அடி வளையத்தையும் கண்ணை மூடி விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள், கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலுக்குத் தப்பாது. உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழு ஜாடி மணி மாதிரிச் சொல்லும், மயிரிழை விரிசல் இருந்தால் குரல் அடைத்துப்போயிருக்கும். புற ஊதா டார்ச் 15 டாலருக்குக் கிடைக்கிறது, இருட்டில் அடித்தால் ஒட்டவைத்துப் பூசி மறைத்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். மெருகில் வலை மாதிரி விரிந்திருக்கும் மெல்லிய வெடிப்புகள் வேறு விஷயம். மண்ணும் மெருகும் வேறுவேறு வேகத்தில் சுருங்குவதால் வருவது அது. ருக்வுட்டில் அது சகஜம், அதற்காக நல்ல ஜாடியை விட வேண்டியதில்லை. அது இல்லாதது கூடுதல் விலை போகும், அவ்வளவுதான்.

கடைசியில் தம்பிக்கு இப்படிச் சொன்னேன். வீட்டுக்கு நிறம் வேண்டும், நாலு பேர் பார்த்ததும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றால், நீ பார்த்த ரோஸ்வில் சோடி போதும். அடியில் யு.எஸ்.ஏ. தெளிவாக இருக்கிறது, அசல்தான். வான் பிரிகிள் வேண்டுமென்றால் வருடம் பொறித்ததற்குக் காத்திரு. இதை நீ ஒரு தேடலாகத் தொடரப்போகிறாய் என்றால் அந்த நீல ருக்வுட்டை எடு. 275 டாலர் கேட்கிறார்கள், பேசினால் குறையும், மீதிப் பணத்தில் ஒரு முறை சின்சினாட்டி போய்வா.

அவன் ருக்வுட்டை வாங்கினான். 240க்குப் படிந்தது. வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்துப் படம் எடுத்து அனுப்பினான்: 14 சுடர், கீழே ரோமன் எண்ணில் 27. அவன் மனைவி அதில் தண்ணீர் ஊற்றித் தோட்டத்து டாலியாவை வைக்கப்போனதாகவும், தான் பதறித் தடுத்ததாகவும் சொன்னான். வைக்கலாம், ஆனால் நேராகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மெருகின் வெடிப்பு வழியாக ஈரம் மண்ணுக்குள் இறங்கிக் கறை பிடிக்கும், அப்புறம் போகாது. அந்தக் கால மெருகுகளில் ஈயம் இருக்கும் என்பதால் சாப்பிடும் பொருளையும் அதில் போடக்கூடாது. ஜாடிக்குள் அடங்கும் அளவில் ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி, அதில் தண்ணீர் விட்டுப் பூவை வைக்கச் சொன்னேன்.